ஒரே லோரிச் சரக்கு, இரண்டு சாப்பு

எங்கள் கம்பெனியின் சாப்பு, அதாவது தாளில் அடிக்கும் ரப்பர் முத்திரை, வாசல் காவல் கூண்டில்தான் இருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று ராஃபியாக் கயிற்றால் மேசைக்காலில் கட்டி வைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, கம்பெனி முத்திரை என்றால் மேனேஜரின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். இந்தப் பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து சுங்காய் வரை நான் போய்வந்த கோடவுன்கள் எல்லாவற்றிலும் அது வாசல் காவலுக்கு நிற்கும் ஜாகாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காரணம் சாதாரணமானது. சரக்கு கொண்டுவரும் லோரிக்காரர் வெயிலில் இறங்கி அலுவலகம் வரை நடக்க மாட்டார். சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டரை, டி.ஓ. தாளை, லோரி ஜன்னல் வழியாக நீட்டுவார். ஜாகா வாங்கிச் சாப்பு அடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

எங்கள் ஜாகா முனியாண்டி அண்ணன் எந்தத் தாளையும் பாகுபாடு பார்த்து நடத்தியதில்லை. ஒருமுறை கம்பெனிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையிலும் சாப்பு அடித்து உள்ளே அனுப்பினார். மாப்பிள்ளை பெயர் மேலேயே விழுந்திருந்தது.

"என்னாண்ணே, கல்யாணப் பத்திரிகைக்கெல்லாமா சாப்பு போடுவாங்க?" என்று கேட்டேன்.

"வாசல் தேடி வந்த பேப்பரும்மா. வெறுங்கையோட அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

அந்த மரியாதைதான் ஒரு மழைக்காலத்தில் எங்கள் கம்பெனியை இரண்டு பக்கமும் மாட்டிவைத்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். வியாபாரிகளுக்குள் ஒப்பந்தம் எந்த இடத்தில் உண்டாகிறது, அதற்குப் பிறகு ஒட்டவைக்கும் விதிகள் ஒட்டுமா ஒட்டாதா என்பதை நான் எந்தப் படிப்பிலும் கற்கவில்லை. டெலிபோன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, காதில் விழுந்ததை வைத்துத்தான் விற்பனைப் பகுதியைப் பார்க்கும் இடத்துக்கு வந்தேன். ஆகையால் சட்டப் புத்தகம் போலச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் கூப்பிடுவது போஸ் என்று. நல்ல மனிதர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் கார் அவருடையதுதான். ஆனால் தாள் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. எப்போதோ கிள்ளான் துறைமுகத்திலிருந்து வந்த ஒரு சரக்கு ஏஜெண்டின் தாளைப் பார்த்திருக்கிறார். அதன் பின்பக்கத்தில் எறும்பு வரிசை போல விதிகள். அந்த அழகில் மயங்கி, அத்தனையையும் அப்படியே எங்கள் டி.ஓ.வின் பின்பக்கத்தில் அச்சடிக்கச் சொல்லிவிட்டார். 'சரக்கு இறங்கிச் சாப்பு விழுந்த பின் எந்தக் குறையும் ஏற்கப்படாது' என்பது அதில் ஒன்று. 'புயலுக்குக் கப்பல் தலைவர் பொறுப்பல்ல' என்பது இன்னொன்று.

"போஸ், நம்மகிட்ட கப்பல் ஏது? ஈப்போல கடலே இல்லயே."

"இருக்கட்டும்லா சரசு. படிக்கிறவனுக்கு ஒரு பயம் வரணும்."

"யாரும் படிக்கறதே இல்ல போஸ்."

"அது இன்னும் நல்லது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பாதிப் பேர் மனத்துக்குள் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

நாங்கள் நடுவில் நிற்பவர்கள். ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விற்பது எங்கள் பிழைப்பு. புகையில் காயவைத்த ரப்பர் ஷீட் எங்களுக்குச் சுங்காயிலிருந்து வரும். அங்கே காசி என்று ஒருவர். பழைய ரப்பர் தோட்டத்தை எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாற்றியபோது ஒரு மூலையில் மிஞ்சிய புகைவீட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். இப்போது சிறுதோட்டக்காரர்கள் பலரும் ரப்பர்பாலைக் கோப்பையிலேயே உறையவிட்டுக் கட்டியாகத்தான் விற்கிறார்கள். ஷீட் போட்டுப் புகை காட்ட ஆள் கிடையாது. அதனால் காசி அண்ணனுக்கு எங்கே போனாலும் நாற்காலி உண்டு. தன்னைப் பற்றி அவரே ஒன்று சொல்வார்: "மழை இல்லாத மாசத்துல என்னய மாதிரி நல்லவன் பேராக்ல கிடையாது சரசும்மா." மழை மாதத்தைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

வாங்குபவர் கோப்பெங்கில் இருந்தார். பரமேஸ்வரி. கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் கலக்கும் பகுதியில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு பட்டறை போட்ட பெண். லோரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்கார்டு, தரை விரிப்பு, இப்படிப்பட்ட சாமான்களைச் செய்தார். அவர் வாய்க்கு நான் ரசிகை. ஒருமுறை விலை பேசும்போது, "நான் சண்டை போட வரலக்கா, நீங்க போட்ட சண்டய திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு வரும் வழியில்தான் கோப்பெங் இருக்கிறது. ஆனால் சரக்கு கோப்பெங்கில் நிற்காது. அதைத் தாண்டி ஈப்போ வந்து எங்கள் கோடவுனில் இறங்கி, வேறு லோரியில் ஏறி, வந்த வழியே திரும்பிக் கோப்பெங்குக்குப் போகும். காசிக்குப் பரமேஸ்வரியையும், பரமேஸ்வரிக்குக் காசியையும் தெரிந்துவிடக் கூடாது என்பது போஸின் கணக்கு. நடுவில் நிற்பவனுக்கு அந்த மறைப்புதான் சோறு. அதை நானும் சரியென்றே நினைத்திருந்தேன்.

ஆண்டுக் கடைசி மழைக்காலம். பரமேஸ்வரிக்கு ஒரு பேருந்துக் கம்பெனியின் ஆர்டர் கிடைத்தது. அவர்களுடைய பேருந்துகள் அத்தனைக்கும் தரை விரிப்பும் மட்கார்டும். போனில் அவர் குரலே வேறாக இருந்தது.

"அக்கா, இது நல்லபடியா முடிஞ்சா வருசம் பூரா மிஷின் ஓடும். தவறிச்சுன்னா தாய்லாந்து சரக்க எறக்கிடுவாங்க. அப்புறம் நான் வாசல் மிதியடி வித்துத்தான் பொழைக்கணும். ஷீட்டு நல்லா காஞ்சதா வேணும். ஈரம் ஆகாது."

நான் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: நன்றாகக் காய்ந்த புகை ஷீட், ஒரு லோரி, வழக்கமான விலை, வெள்ளிக்கிழமை கோப்பெங்கில் இறக்கித் தருகிறோம். அவர் பதில்: 'சரிக்கா. அனுப்புங்க.'

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒப்பந்தம் இங்கேயே முடிந்துவிட்டது. நான் ஒன்று சொன்னேன். அவர் அதில் கூட்டாமல் குறைக்காமல் சரி என்றார். சாப்பு, டி.ஓ., கப்பல் தலைவர் யாரும் அப்போது அங்கே இல்லை. காசி அண்ணனிடமும் இதே மாதிரிதான் கேட்டேன். அவரும் சரி என்றார். வெள்ளிக்கிழமை லோரியோடு போன தாள், பந்தி முடிந்து கை கழுவும் நேரத்தில் வந்து தனக்கு எந்த இலை என்று கேட்கும் விருந்தாளி மாதிரி. அவரை உட்கார வைப்பதா இல்லையா என்பது வீட்டுக்காரர் விருப்பம். தானாக உட்கார அவருக்கு உரிமை கிடையாது.

இதெல்லாம் இன்று தெளிவாகச் சொல்ல வருகிறது. அன்றைக்குத் தெளிவாக இருந்தது பரமேஸ்வரியின் குரல் மட்டும்தான்.

"சரசக்கா, பேலை வெட்டிப் பாத்தேன். உள்ள வெள்ளையா பூத்துக் கிடக்கு. மாலை கட்டிக் கோயிலுக்குக் குடுக்கலாம் போல."

பேல் என்பது ஷீட்டுகளை அடுக்கி அழுத்திக் கட்டிய கட்டு. வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் ஈரம் மாட்டியிருந்தால் பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். வெட்டினால் தவிரத் தெரியாது. வாசலில் நிற்கும் ஜாகாவுக்கு மட்டுமல்ல, ரப்பரோடு பிறந்து வளர்ந்தவருக்கும் தெரியாது.

"அதுல ஒரு விரிப்பு போட்டுப் பாத்தியாம்மா?"

"போட்டேன். அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமா வருது. பஸ்ஸுல ஏறுற ஆளு அத நொறுக்கிட்டேதான் போவணும். அக்கா, மிஷின நிறுத்திட்டேன். நல்ல சரக்கு வரலன்னா இந்த ஆர்டர் எனக்கு இல்ல."

படமும் அனுப்பினார். போஸிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"சாப்பு இருக்கா?"

கோப்பெங்கிலிருந்து திரும்பி வந்த டி.ஓ.வை எடுத்துக் கொடுத்தேன். அங்கே ஜாகாவாக இருந்தது ஒரு நேப்பாளித் தம்பி. சாப்பைத் தலைகீழாக அடித்திருந்தார். பக்கத்தில் தேநீர்க் குவளை வைத்த வட்டமும் இருந்தது.

"இருக்குல்ல? முடிஞ்சிச்சு. சாப்பு விழுந்த பின்ன குறை சொல்லக் கூடாது. பின்பக்கம் தெளிவா போட்டிருக்கு. சாப்புன்னா கம்பெனி ஒத்துக்கிட்ட மாதிரி."

"சரி போஸ்."

"இப்ப காசிக்குப் போன் போடு. கெட்ட சரக்கு குடுத்திருக்கான். திரும்ப எடுத்துக்கச் சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன்.

"என்னா பாக்குற?"

"கோப்பெங்ல இருந்து திரும்ப எடுக்க மாட்டோம். சுங்காய்க்கு மட்டும் திருப்பி அனுப்புவோமா?"

"அது வேற, இது வேற."

சுங்காய்க்குப் போன் போட்டேன். காசி அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரசும்மா, என் பில்ல கையில வச்சிருக்கியா? கீழ என்னா போட்டிருக்கு, படி" என்றார்.

அவருடைய பில்லின் கீழே ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை: 'விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படமாட்டாது.' மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடையை மூடியபோது அந்த முத்திரையைச் சும்மா கொடுத்தாராம்.

"அதுக்குப் பக்கத்துல யாரு சாப்பு இருக்கு? என்னோடதா?"

எங்களுடையது. முனியாண்டி அண்ணன் நேராக, அழகாக, மை பிசகாமல் அடித்திருந்தார்.

போஸ் எகிறிவிட்டார். "ஜாகா ஒருத்தன் சாப்பு அடிச்சா கம்பெனி ஒத்துக்கிட்டதா ஆயிடுமா? அவனுக்கு என்னா அதிகாரம்? கல்யாணப் பத்திரிகைக்கே அடிக்கறவன்லா அவன்! வாசல்ல அடிக்கற சாப்புக்கு ஒரு அர்த்தமும் கிடையாது!"

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பின் மகிமையைச் சொன்னவர் இவர்தான். இரண்டு முறையும் மனதாரச் சொன்னார். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வியாபாரத்தில் பொய் சொல்கிறவரை எளிதாகப் பிடித்துவிடலாம். இரண்டு பக்கமும் உண்மையாகவே நம்புகிறவரை என்ன செய்வது?

போஸின் நிலப் பத்திரங்களைப் பார்க்கும் வக்கீல் அம்மா ஒருவர் ஈப்போவில் இருந்தார். யாழ்ப்பாணத்து வம்சாவளி. கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"மெசேஜிலயே ஒப்பந்தம் முடிஞ்சுது பிள்ளை. பிறகு லொறியோட வாற தாள், மற்றப் பக்கம் ஒத்துக்கொண்டால்தான் சேரும். கேட்டில நிக்கிற ஆளுக்குச் சரக்கு வந்தது எண்டு சொல்லத்தான் அதிகாரம். விதிக்குச் சம்மதிக்க இல்லை."

"அப்போ பரமேஸ்வரி பக்கம்தான் நியாயமா?"

"பொறும். இவ்வளவு காலமும் அதே தாள் போயிருக்கு, அவையள் ஒரு சொல்லும் சொல்லேல்லை. 'உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்தது' எண்டு நீதிபதி கேட்டாலும் கேட்பார். ஆர் வெல்லுவினம் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனால் உங்கட போஸ் ரெண்டு பக்கமும் வெல்ல ஏலாது. அது மட்டும் நிச்சயம்."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். பரமேஸ்வரியின் மிஷின் இன்றைக்கு நிற்கிறது. வக்கீல் சொன்னதைப் போஸிடம் சொல்லலாம். 'அவங்களுக்கு என்னா தெரியும்' என்பார். நான் சொன்னாலும் அதேதான். இந்த உலகத்தில் போஸ் மறுக்காமல் கேட்கும் ஒரே ஆள் போஸ்தான். அவர் பேசுவதை அவரே கேட்க வேண்டும். அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அவர் அறையில் உட்கார வைப்பது.

இதில் என்ன ஆபத்து என்று புரிகிறதா? விற்பவரையும் வாங்குபவரையும் கைகுலுக்க வைத்துவிட்டால் நடுவில் இருக்கும் நாங்கள் எதற்கு? கோப்பெங் தாண்டிப் போய்த் திரும்பிய லோரிகள் எல்லாம் எதற்காக ஓடின? இதற்காகவே என் வேலை போயிருக்கலாம். ஆனால் இன்னொரு பக்கமும் யோசித்தேன். பரமேஸ்வரியின் பட்டறை மூடினால் ஷீட்டை யாருக்கு விற்பது? ஒரு முனை அறுந்துபோன கயிற்றுக்கு நடுவில் நின்று காவல் காப்பதில் என்ன லாபம்? இரண்டு பேருக்கும் போன் போட்டேன். காலை பத்து மணிக்கு வாங்க, போஸ் பேசணும்கிறார் என்றேன். போஸ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

பரமேஸ்வரி முதலில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே இருந்த பூஞ்சண ஷீட்டை எடுத்துப் போஸின் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். போஸ் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் காசி அண்ணன், கோயிலுக்குப் போட்டுப் போகும் சட்டையில் உள்ளே வந்தார்.

போஸ் என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

"சரசு, என்னா இது?"

"ரெண்டு பேருக்கும் இந்த நேரம்தான் தோதுப்பட்டுச்சு போஸ்."

பரமேஸ்வரி கேட்டார்: "இந்த அண்ணன் யாரு?"

"இவரு நம்ம... தெரிஞ்சவரு" என்றார் போஸ்.

காசி அண்ணன் மேசையில் கிடந்த ஷீட்டைப் பார்த்துவிட்டார். "இது என் ஷீட்டுமா" என்றார்.

இத்தனை வருடம் காத்த ரகசியம் மூன்று வார்த்தையில் முடிந்தது. போஸுக்கு விஷயத்தை வேகமாக முடித்து இவர்களைப் பிரித்து அனுப்ப வேண்டும் என்ற அவசரம். பரமேஸ்வரி பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"இந்தா பாருமா. சரக்கு எறங்குச்சு. உங்க கம்பெனி சாப்பு விழுந்துச்சு. பின்பக்கம் விதி இருக்கு. சாப்பு அடிச்ச பின்ன நாங்க என்னா செய்ய முடியும்?"

"கரெக்ட் போஸ்" என்றார் காசி அண்ணன், தலையைப் பலமாக ஆட்டி. "சாப்புன்னா சாப்புதான். அடிச்சாச்சுன்னா பேச்சே இல்ல. நானும் அதான் சொல்றேன்."

போஸ் சட்டென்று நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பினார். "காசி, நீ சும்மா இரு. ஒங்க பில்லுக்கு அடிச்சது எங்க ஜாகா. ஒரு ஜாகா அடிச்சா அது கம்பெனி சம்மதமா?"

"அப்படிப் போடுங்க போஸ்!" என்று பரமேஸ்வரி மேசையைத் தட்டினார். "என் ஜாகாவுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் சரியா வராது. ஒங்க பின்பக்கத்த அவன் எங்கேருந்து படிச்சான்?"

போஸ் இந்தப் பக்கம் திரும்பினார். "அது இல்லமா..."

"எது இல்ல? இப்ப நீங்கதானே சொன்னீங்க?"

அந்தப் பக்கம் திரும்பினார். "காசி..."

"எனக்கு நீங்க மொதல்ல சொன்னதுதான் போஸ் புடிச்சிருக்கு. அதயே வச்சுக்குவோம்."

"எனக்கு ரெண்டாவது சொன்னது" என்றார் பரமேஸ்வரி.

சுழல் நாற்காலி நடுவில் வந்து நின்றது. நான் தாள்களை அடுக்குவது போலக் குனிந்துகொண்டேன். சிரித்தால் வேலை போய்விடும்.

போஸ் நல்ல வியாபாரி என்பதை அப்போதுதான் பார்த்தேன். தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததும் அவர் நேரத்தை வீணாக்கவில்லை.

"சரிலா. ரெண்டு சாப்பும் இல்லன்னு வச்சுக்குவோம். காசி, ஷீட்டு ஈரமா இல்லயா? அத மட்டும் சொல்லு."

காசி அண்ணன் ஷீட்டை எடுத்தார். மடித்தார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். முகம் சுருங்கியது.

"விறகு ஈரம். புகை வந்துச்சு, சூடு வரல. காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார். பிறகு பரமேஸ்வரியைப் பார்த்து, "இந்தப் பைய தூக்கிக்கிட்டு வேற யாருகிட்டயாவது காட்டுனியாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லண்ணே."

அந்த 'இன்னும்' செய்த வேலையை எங்கள் டி.ஓ.வின் பின்பக்கம் முழுதும் சேர்ந்தாலும் செய்திருக்காது. காசி அண்ணன் ஷீட்டைப் பையில் போட்டுத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துக்கறேன். வேற பேலு தாரேன். உள் கொட்டாயில போன மாசத்து ஷீட்டு இருக்கு. காஞ்சது."

"நீங்க காஞ்சதுன்னு சொன்னா ஆச்சா?" என்றார் பரமேஸ்வரி. "நானே சுங்காய் வாரேன். பேலை வெட்டிக் காட்டுங்க. புடிச்சா அங்கயே லோரில ஏத்தி நேரா கோப்பெங். ஈப்போ சுத்திட்டு வர்ற கதையெல்லாம் வேணாம்."

"வெட்டுன பேலை யாரு திரும்பக் கட்டுறது?"

"நான் கட்டுறேன்."

"அப்ப சரி."

"இருங்கலா" என்றார் போஸ். "பேப்பர் இல்லாம சரக்கு நகரக் கூடாது. எங்க டி.ஓ. போகணும்."

"தாராளமா அனுப்புங்க போஸ். பின்பக்கத்த மட்டும் ஆபீஸ்லயே வச்சுட்டு அனுப்புங்க."

நான் உடனே ஒரு காரியம் செய்தேன். தொழிலில் உருப்படியாக நான் கற்ற ஒரே பழக்கம் அதுதான். அவர்கள் கிளம்பும் முன் மூன்று பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன். என்ன சரக்கு, எங்கே வெட்டிப் பார்ப்பது, யார் கட்டுவது, எங்கே இறக்குவது. அறையில் பேசியது மட்டும். எனக்கும் நாக்கு அரித்தது. 'ஒருமுறை பார்த்து ஏற்றிய பின் புகார் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு நிம்மதி! சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அது அவர்கள் சொன்னதற்குச் சம்மதமாக இருந்திருக்காது. நான் தொடங்கும் புதுப் பேச்சாக ஆகியிருக்கும். மூன்று பேரும் மறுபடி உட்கார வேண்டும். மிஷின் அதுவரை நின்றிருக்கும். மற்றவர் சொன்னதில் உங்கள் சரக்கு ஒரு துளி கலந்தாலும் அது 'சரி' இல்லை, தம்பிகளே. வேண்டுமானால் கலக்குங்கள். ஆனால் கலந்துவிட்டு, முடிந்துவிட்டது என்று படுத்துத் தூங்காதீர்கள்.

பரமேஸ்வரி அன்று மாலையே சுங்காய்க்குப் போய்ப் பேல்களை வெட்டினார். பாதியைத் தள்ளினார், பாதியை எடுத்தார். காசி அண்ணன் எனக்குப் போன் போட்டு, "எங்கேருந்துமா புடிச்ச இந்தப் பொண்ண? என் ஷீட்ட என்னய விட மோசமா திட்டுது" என்றார். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. மிஷின் ஓடியது. விரிப்புகள் சொன்ன நாளைத் தாண்டித்தான் பேருந்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களுடைய ஆர்டர் தாளின் பின்பக்கத்தில், தாமதமாக வரும் சரக்கு ஏற்கப்படாது என்று அச்சடித்திருந்ததாம். பரமேஸ்வரி அதைச் சரக்கு இறக்கும்போதுதான் பார்த்திருக்கிறார். தாளை மடித்துப் பைக்குள் செருகிக்கொண்டிருந்தவரிடம் அவர்களுடைய ஸ்டோர்காரர் சாப்பு அடித்துக் கொடுத்து, அடுத்த லோரி எப்போது என்று கேட்டாராம். அங்கேயும் பின்பக்கத்தை யாரும் படித்ததில்லை. இன்றுவரை அந்தப் பேருந்துகளில் அவர் விரிப்புதான்.

அவர்கள் இரண்டு பேரும் எங்களைத் தள்ளிவிட்டு நேரடியாக வியாபாரம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். நானும் பயந்துதான் இருந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் பரமேஸ்வரியிடம் கேட்டேவிட்டேன்.

"பேசிப் பாத்தோம்க்கா. சரிப்படல. நடுவுல திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். நேரா திட்டிக்கிட்டா அந்த அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

இத்தனை வருடமாக எங்கள் கம்பெனி எதை விற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போஸ் சும்மா இருக்கவில்லை. சீர்திருத்தம் என்று சொல்லிக் கயிற்றை அறுத்து, சாப்பைத் தன் மேசை டிராயருக்குக் கொண்டுபோனார். இனித் தாளைப் படித்துப் பார்த்து அவரே அடிப்பாராம். அந்த வாரமே ஒருநாள் பினாங்குக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார், சாவியோடு. லோரிகள் வாசலிலிருந்து பெரிய ரோடு வரை வரிசை கட்டின. பக்கத்துக் கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். போஸ் திரும்பி வந்த அன்றே சாப்பு கூண்டுக்குப் போனது. டி.ஓ.வின் பின்பக்கத்தையாவது காலியாக விடலாமே என்றேன். புதிதாக அச்சடித்து வந்தபோது பார்த்தால், அதே விதிகள், இப்போது இரண்டு மொழியில்.

அடுத்த ஆர்டர் வந்தது. பரமேஸ்வரி எழுதியிருந்தார்: 'அதே ஷீட்டு, அதே விலை. நான் சுங்காயில பேலை வெட்டிப் பாத்துத்தான் எடுப்பேன். லோரியோட வர்ற பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும் அது எனக்குச் சேராது. இதுக்குச் சம்மதம்னா மட்டும் காலையில லோரிய சுங்காய்க்கு அனுப்புங்க. நான் அங்க நிப்பேன்.'

போஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். சரி என்று சொல்ல மனம் வரவில்லை. முடியாது என்றால் வியாபாரம் போய்விடும்.

"பதில் ஒண்ணும் போடாத சரசு."

"சரின்னும் போடக் கூடாதா?"

"சரின்னும் வேணாம். முடியாதுன்னும் வேணாம். வாயே தொறக்காத. லோரிய மட்டும் அனுப்பு."

"போஸ், லோரிய அனுப்புனா..."

"நான் என்னா எழுதியா குடுத்தேன்? கையெழுத்து போட்டேனா? சாப்பு அடிச்சேனா?"

லோரிக்காரருக்குச் சொல்லிவிட்டேன். காலையில் காலி லோரி வாசலைத் தாண்டியது. போஸ் ஜன்னல் ஓரம் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தியா சரசு," என்றார். "நான் ஒத்துக்கவே இல்ல."

லோரி அப்போது சுங்காய் ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.